சூலக்கரையில் நீ காத்திருந்த திங்கட்கிழமை

தாயி, நீ கேட்ட கல்யாண வெப்சைட்டை நான் முடிக்கவில்லை. முகூர்த்த நேரம், மண்டபத்துக்கு வழி காட்டும் மேப், வருகிறவர்கள் பெயர் பதிகிற படிவம் எல்லாம் ஒரே மதியத்தில் செய்துவிட்டேன். பட்டாசுக் கடை மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக அடிக்காமல், நீ சொன்னபடி இளம்பச்சையில்தான் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நொடி என்று தானாகக் குறைந்துகொண்டு வரும் கடிகாரத்தையும் மேலே வைத்தேன். அதற்குக் கீழே 'நாங்கள் சேர்ந்த கதை' என்று ஒரு பகுதி. இந்த மாதிரிப் பக்கங்களில் அது வழக்கமாக இருக்கும். நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் என்ன போட என்று போனில் உன்னைக் கேட்டேன். நீ சிரித்தாய். "கதையா? மாமா பாத்தாக, நான் சரின்னேன். அம்புட்டுத்தான் கதை. யாரா இருந்தா என்னம்மா, ஒருத்தன நம்பிப் பாத்தாச்சுல்ல. இனிமே நீ கைகாட்டுற ஆளு போதும். உன்னயத் தவிர யாரும் எனக்கு உண்மையா இருந்ததில்ல" என்றாய். உனக்கு உண்மையாக இல்லாத முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை நீ புடவைக் கடையில் இருந்தாய். இன்னொரு தடவை நீ "என்னம்மா, சாப்டியா?" என்று கேட்டதும் "சாப்ட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஆபீஸில் மீட்டிங்குக்கு நடுவே பார்ப்பாய். அதனால் டைப் அடித்து, பிரின்ட் எடுத்து, கூரியரில் அனுப்புகிறேன். நீ தனியாக இருக்கும்போது பிரித்துப் படி. கல்யாணத்துக்கு முன்னால் சொன்னால் அதைக் கெடுத்தவள் ஆவேன். பின்னால் சொன்னால் ஏமாற்றிக் கட்டிக்கொடுத்தவள் ஆவேன். எந்தப் பக்கம் போனாலும் நான் நல்லவளாக வெளியே வர வழி இல்லை என்று தெரிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு என்னைப் பற்றித் தெரிந்த கதை ஒன்று உண்டு. அதை நீ உன் ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லுவாய் என்று உன் தோழி ஒரு தடவை சொன்னாள். பத்தொன்பது வயதில் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டைப் அடிக்கச் சேர்ந்தவள். காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் லேபிள் வரைந்து வரைந்து தானாகவே டிசைன் கற்றுக்கொண்டவள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது ஆறு வயதுப் பிள்ளையோடு அண்ணன் வீட்டு மாடிக்கு வந்து, அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துப் பிழைத்தவள். இது பொய் இல்லை. அந்த கம்ப்யூட்டரை மாடிக்கு ஏற்றிக் கொடுத்தது அந்த அண்ணன், உன் மாமா என்பதையும் நீ சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய பட்டாசுக் கடையில் மூலையில் கிடந்ததைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்து, "இந்தா பிள்ள, இத வச்சு எதாச்சும் பண்ணு. யார் கிட்டயும் கையேந்தக் கூடாது" என்றார். அந்த நன்றியை நான் எப்படிச் செலுத்தினேன் என்பது நீ அறியாத பாதி.

நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நாம் இரண்டு பேரும் சேர்ந்து முதல் வெப்பேஜ் செய்தோமே, ஞாபகம் இருக்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு வரி நான் அடிக்க, ஒரு வரி நீ அடிக்க, கடைசியில் 'வணக்கம்' என்று வெள்ளைத் திரையில் கோணலாக வந்தது. நீ கட்டில் மேல் ஏறிக் குதித்தாய். கீழே இருந்து மாமா "ஏலே, மேல என்னடா இடியுது?" என்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகு சீசன் வந்தால் கடைக்காரர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். விலைப்பட்டியல் பக்கம், ஆர்டர் எடுக்கும் பக்கம், வாண வேடிக்கை மின்னும் முகப்பு. எல்லாருக்கும் சிவப்புப் பட்டன் வேண்டும். நீதான் பின்னால் நின்றுகொண்டு, "ம்மா, எல்லாமே கத்துனா எதும்மா காதுல விளும்? பட்டன அடக்கமா வை" என்பாய். இன்றைக்கு அந்த வேலைக்குத்தான் உனக்குப் பெங்களூரில் சம்பளம் கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உனக்குத் தந்தேன் என்று நீ நினைக்கிறாய். உண்மையில் அதில் பாதி நீ எனக்குத் தந்தது.

கருவிகள் மேல் எனக்கு இருந்த கிறுக்கும் உனக்குத் தெரியும். ஊரில் யாரிடமும் இல்லாத நேரத்தில் கையில் நாடித்துடிப்புக் காட்டும் வாட்ச் கட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனவள் நான். பேசினால் லைட் போடும் ஸ்பீக்கரை வாங்கி வைத்து, அது என் பேச்சுப் புரியாமல் ஒவ்வொரு தடவையும் "மன்னிக்கவும்" என்று சொல்ல, நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். புதுசாக ஒன்றைப் பெட்டி பிரித்து, மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்கும்போது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை வேறு எதுவும் தந்ததில்லை. தாலி இல்லாத கழுத்தைப் பார்த்துப் பேசுகிற ஊரில், மிஷின் மட்டும்தான் நான் யார் என்று கேட்காமல் வேலை செய்தது. அந்த மயக்கத்தில்தான், நீ காலேஜ் பஸ்ஸில் போக ஆரம்பித்ததும், நீ எங்கே இருக்கிறாய் என்று காட்டும் ஆப்பை உன் போனில் போட்டேன். உன்னிடம் கேட்டுத்தான் போட்டேன். "எங்கன இருக்கன்னு உன்னய நச்சரிக்க மாட்டேன்ல" என்றேன். நீயும் தலையாட்டினாய். என் போன் மேப்பில் உன் பெயர் போட்ட நீலப் புள்ளி ஒன்று காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பி வரும். அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வேன். பாசம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

மாரீஸ்வரன் நம் மாடிக்கு வந்தது மாமா கடையின் பட்டாசுகளைப் படம் எடுக்க. வெப்சைட்டுக்கு நல்ல படம் வேண்டும் என்று நான்தான் விசாரித்து அழைத்தேன். காலை வெயிலில் மொட்டை மாடியில் வெள்ளைச் சார்ட் அட்டையை விரித்து, புஸ்வாணத்தையும் சங்குச் சக்கரத்தையும் ஒவ்வொன்றாக வைத்து, குப்புறப் படுத்துக்கொண்டு படம் எடுத்தான். வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் கேட்டான். நீ போய்ப் பிடித்தாய். மூன்று நாளில் முடிய வேண்டிய வேலை எட்டு நாள் இழுத்தது. படங்கள் அவ்வளவு அழகாக இருந்ததால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை, நீ வகுப்பில் இருக்க வேண்டிய நேரத்தில், உன் புள்ளி ஆனைக்குட்டம் அணைக்கரையில் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. அப்போதே உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். நீ சொல்லியிருப்பாய், எதையும் என்னிடம் மறைத்தவள் இல்லை நீ, நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். நான் கேட்கவில்லை. நீ குளிக்கப் போன நேரம் உன் போனை எடுத்து, உன் வாட்ஸ்அப்பை என் கம்ப்யூட்டரில் இணைத்தேன். உன் லாக் நம்பர் எனக்குத் தெரியும், உன் அப்பாவின் பிறந்தநாள். என் திரையில் வந்த கியூஆர் கோடுக்கு நேராக உன் போனைக் காட்டினேன், டிக் என்று ஒரு சத்தம், முடிந்தது. நீ தலை துவட்டிக்கொண்டு வரும்போது போன் இருந்த இடத்தில் இருந்தது. "ம்மா, இட்லிக்குச் சட்னியா சாம்பாரா?" என்று கேட்டாய். "சட்னி" என்றேன்.

அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டதை எல்லாம் நான் படித்தேன். நாள் தவறாமல், வேலைக்கு உட்காரும் முன் பேப்பர் படிப்பது போலப் படித்தேன். அதில் தப்பாக ஒரு வார்த்தை இல்லை தாயி. படிக்கப் படிக்க எனக்கு அவனைப் பிடித்துப்போனது, இதையும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். "உங்க அம்மாவப் பாத்தா எனக்குப் பயமில்ல, அவங்க கிட்ட நான்தான் மொதல்ல பேசணும்" என்று எழுதியிருந்தான். நீ "கொஞ்சம் பொறு, வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லலாம்" என்றாய். பிடித்துப்போன ஒருவனை நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். அவன் ஆட்கள் வேறு, நாம் வேறு. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவன் அம்மா நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். நான் உட்கார்ந்து சாப்பிடும் வீடு அந்த மாதிரிக் கம்பெனிகளில் சரக்கு எடுத்து விற்கிற வீடு. புதுப் போன், புது வாட்ச் என்று எல்லாவற்றிலும் முன்னால் ஓடியவளுக்கு, ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் மட்டும் ஒரு அடி நகரத் தெரியவில்லை. விதவை வளர்த்த பிள்ளை, அதனால்தான் இப்படி என்பார்களே என்று நினைத்தேன். உன்னைப் பற்றி நினைத்ததாகத்தான் அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். என்னைப் பற்றித்தான் நினைத்தேன்.

மாமா வேகமாக வரன் பார்க்கிறார் என்று தெரிந்ததும் நீங்கள் அவசரப்பட்டீர்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சூலக்கரை பஸ் ஸ்டாப், அங்கிருந்து இரண்டு நண்பர்களோடு கல்யாணத்தைப் பதிவு செய்யப் போவது, பிறகு நேராக என்னிடம் வருவது. "அம்மா கால்ல விளுந்துருவோம், அம்மா புரிஞ்சுக்கும்" என்று நீ எழுதியிருந்தாய். அதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படித்தேன். சாயங்காலம் நீ துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கீழே இறங்கிப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் டி.வி.யை நிறுத்தினார். "எம்புட்டு நாளா தெரியும் உனக்கு?" என்றார். சொன்னேன். "நீ மேல போ. பிள்ளகிட்ட ஒண்ணும் கேக்காத. நான் பேசி அனுப்பிருதேன்" என்றார். "கை வச்சுராதீகண்ணே" என்றேன். "கைய வச்சு நான் என்ன செய்யப் போறேன், பேசத்தான போறேன்" என்றார். நான் நம்பினேன் என்று எழுதத்தான் ஆசை. பேசுவதற்கு நான்கு ஆட்களை எதற்குக் கூப்பிட்டுக்கொண்டு போகிறார் என்று காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நான் கேட்கவில்லை.

நீ வேலைக்கான சர்ட்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாய். புதுச் சுடிதார். நெற்றியில் திருநீறு வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மாரீஸ்வரன் உனக்கு, தான் வருகிற வழியைக் காட்டும் மேப் லிங்க்கை அனுப்பினான். லிங்க் கையில் இருக்கிற யாரும் அதைப் பார்க்கலாம். உனக்கு வந்தது எனக்கும் வந்தது. அதை நான் அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு தடவை விரலால் தொட்டேன், அவ்வளவுதான் வேலை.

ஆமத்தூர் தாண்டி மறித்திருக்கிறார்கள். பதினொரு மணிக்கு அண்ணன் மாடிக்கு வந்தார். சட்டையில் மண். அவன் போனை என் மேஜையில் வைத்தார். அவன் விரலை வைத்தே திறந்து லாக்கை எடுத்துவிட்டார்களாம். "கைமீறிப் போச்சு பிள்ள, அவன் கை எலும்பு ஒடஞ்சிருக்கும்போல. ஆசுபத்திரியில போட்டாச்சு. பைக்குல இருந்து விளுந்தேன்னு சொல்லச் சொல்லியிருக்கு. இப்ப நம்ம பிள்ள அங்கன நிக்கா. அவளுக்கு நீதான் எதாச்சும் அனுப்பணும். உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார். உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். வாழ்க்கையில் நான் எல்லாரிடமிருந்தும் கேட்க ஏங்கிய வார்த்தை அது.

அவன் எழுதுகிற விதம் எனக்கு மனப்பாடம். 'வேண்டாம்' என்று எழுத மாட்டான், 'வேணாம்' என்பான். முற்றுப்புள்ளிக்குப் பதில் இரண்டு புள்ளி வைப்பான். உன்னை 'ஏ பிள்ள' என்பான். நான் உட்கார்ந்து டைப் அடித்தேன். "ஏ பிள்ள.. என்னால முடியல.. வீட்ல அழுவுறாங்க.. எனக்கு அம்புட்டு தைரியம் இல்ல.. வேணாம்.. என்னயத் தேடாத.." ஒரு லேபிளுக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்ப்பது போல ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அனுப்பினேன். நீ படித்ததற்கான இரண்டு நீல டிக் உடனே விழுந்தது. நீ பதிலுக்கு எதுவும் எழுதவில்லை. உன் புள்ளி மட்டும் சூலக்கரை ஸ்டாப்பில் இரண்டு மணி வரை இருந்தது. வெயிலில் நீ நிற்கிறாய் என்று தெரிந்தும் நான் உலையில் அரிசி போட்டேன்.

நீ மூன்று மணிக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல், என் மடியில் தலை வைத்துப் படுத்தாய். எல்லாவற்றையும் நீயே சொன்னாய். அவன் பெயர், அணைக்கரை, பதிவு செய்ய இருந்தது, எல்லாம். எனக்குத் தெரிந்ததையே நீ சொல்ல, நான் முதல் தடவை கேட்பவள் போல உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். "என்னயத் திட்டும்மா" என்றாய். "எதுக்குத் தாயி திட்டணும், விடு" என்றேன். நீ என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாய். செய்தியை அடித்த அதே கை. அன்றைக்கே உன் போனில் அவன் எண்ணைத் தடுத்து வைத்தேன். அடுத்த வாரம் உன் சிம்மையும் மாற்றினேன், புது வேலைக்குப் புது நம்பர் என்று சொல்லி, அதையும் என் கம்ப்யூட்டரில் இணைத்துக்கொண்டேன். நீ பெங்களூரு போனாய். ஏழு மாதம் வரை உன் செய்திகளை நான் தொடர்ந்து படித்தேன். உன் தோழிக்கு நீ எழுதிய ஒன்றோடு நிறுத்திவிட்டேன். "பஸ் ஸ்டாப்புல நிக்க முடியல, ஆபீசுக்கு தினம் நடந்தே போறேன்" என்று எழுதியிருந்தாய்.

மூன்று வருடம் இப்படி இருந்துவிட்டு, நீ போனில் அப்படிச் சிரித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நான் நாரணாபுரத்துக்கு பஸ் ஏறினேன். விசாரித்துப் போய் நின்றேன். அவன் அம்மா வாசலில் தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்திக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். "வாங்க" என்றார். அந்த ஒரு மரியாதைக்கு நான் தகுதி இல்லை. "எதுக்கு வந்திருக்கீக? இன்னும் ஒடைக்க எதாச்சும் மிச்சமிருக்கா?" என்று கேட்டார். உள்ளே இருந்து மாரீஸ்வரன் வந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே மடங்கியே இருக்கிறது, நீளாது. கேமராவைத் தூக்கிப் பிடிக்க முடியாது. ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறான், இடது கையில் மவுஸ் பிடித்து. போன தை மாதம் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவன் மனைவி ஆறு மாதக் கர்ப்பம். அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தயங்குவதைப் பார்த்து அவன், "இவளுக்கு எல்லாம் தெரியும் மேடம். இவ இருக்கும்போதே பேசுங்க" என்றான்.

நான் ஆரம்பிக்கும் முன் அவனே கேட்டான். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த லிங்க்க அவளா அனுப்புனா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் சொன்னான்: "அவ ஒருத்திக்குத்தான் நான் அனுப்பியிருந்தேன். உங்க அண்ணன் அடிச்சிக்கிட்டே சொன்னாரு, அவளேதான் எங்களுக்கு அனுப்புனா, போய்ப் பொழப்பப் பாருன்னு. நான் நம்பல மேடம். ஆனா வேற எப்படி உங்களுக்குத் தெரியும்? மூணு வருசமா நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல."

அண்ணன் அப்படிச் சொன்னது எனக்கு அதுவரை தெரியாது. நீ அவனைக் கோழை என்று நினைத்தாய். அவன் உன்னைக் காட்டிக்கொடுத்தவளோ என்று நினைத்தான். இரண்டுக்கும் இடையில் நான் உட்கார்ந்து வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். "நான்தான்ப்பா" என்றேன். "அவளுக்கு எதுவும் தெரியாது. உன் போன்ல இருந்து அவளுக்கு எழுதினதும் நான்தான்." அவன் அம்மா என் பக்கம் வந்து, "ஏ பாவி, நீயும் ஒரு பிள்ளயப் பெத்தவதான?" என்று கையை ஓங்கினார். அடித்திருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன். அவன் "அம்மா, விடு" என்று தடுத்துவிட்டான். நான் மன்னிப்புக் கேட்டேன். "அவகிட்ட சொல்லிட்டீகளா?" என்றான். இல்லை என்றேன். "சொல்லிருங்க. நான் வந்துக்கிட்டுத்தான் இருந்தேன்னு மட்டும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேணாம்." அவன் மனைவி என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு, "பஸ் வர்ற நேரம், கெளம்புங்க" என்றாள். சத்தம் உயர்த்தாமல்தான் சொன்னாள்.

திரும்பி வந்ததும் அண்ணனிடம் உனக்கு எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "மூணு வருசம் வாயத் தொறக்காதவளுக்கு இப்ப என்ன வந்துச்சு? பத்திரிகை அடிச்சாச்சு, மண்டபம் பேசியாச்சு" என்று கத்தினார். நீங்கள் அவனை அப்படி அடித்திருக்க வேண்டியதில்லை என்றேன். அவர் நிதானமாகத் திரும்பி, "அடிச்சது நான். எங்கன வாரான்னு காட்டுனது யாரு?" என்றார். கல்யாணம் நின்றால் மாடியைக் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நான் கம்ப்யூட்டரையும் துணிகளையும் கட்ட ஆரம்பித்துவிட்டேன். எங்கே போவேன் என்று இன்னும் தெரியவில்லை. அதற்காக நீ எதையும் முடிவு செய்யாதே.

அம்மா என்று புத்தி சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. தெரிந்த தொழிலை வைத்துச் சிலது மட்டும் சொல்கிறேன். உன் போனில் என்னென்ன கருவி இணைந்திருக்கிறது என்று பார். தெரியாத பெயர் இருந்தால் வெளியேற்று, தெரிந்த பெயராக இருந்தால் இரண்டு தடவை பார்த்து வெளியேற்று. அப்பா பிறந்தநாளை லாக் நம்பராக வைக்காதே. நீ எங்கே இருக்கிறாய் என்பதைப் பாசம் என்று சொல்லி யார் கேட்டாலும் கொடுக்காதே, கட்டிக்கொள்ளப் போகிறவர் கேட்டாலும். உன் புள்ளி இன்று காலை வரை என் போனில் இருந்தது. நான் அதை என் பக்கத்தில் எடுத்துவிட்டேன். நீயும் உன் பக்கத்தில் எடுத்துவிடு. இனி நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அது எனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்லும் உரிமை கூட எனக்கு இல்லை. அந்த மாப்பிள்ளை நல்லவர் போலத்தான் தெரிகிறது. அவரைக் கட்டிக்கொள், கட்டிக்கொள்ளாதே, அது உன் முடிவு. ஆனால் ஒருத்தன் உன்னை ஏமாற்றினான் என்பதற்காக மட்டும் கட்டிக்கொள்ளாதே. அவன் ஏமாற்றவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையைப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். அந்த லிங்க்கை அண்ணனுக்கு அனுப்பிய பிறகு அதை நான் மூடவில்லை. ஒன்பது மணிக்கு அவன் நாரணாபுரத்தில் கிளம்பினான். திருத்தங்கலில் ஒரு பூக்கடைப் பக்கம் இரண்டு நிமிடம் நின்றான். ரயில்வே கேட் அடைத்திருந்தது போல. காத்திருக்காமல் சுற்று வழியில் ஏறினான். அதற்குப் பிறகு எங்கேயும் நிற்கவில்லை. டீ குடிக்கக் கூட நிற்கவில்லை. நேரம் இருந்தது, மெதுவாக வந்தாலே போதும், ஆனாலும் வேகமாக வந்தான். விட்டிருந்தால் உனக்குக் கால் மணி நேரம் முன்னாடியே வந்து உனக்காகக் காத்துக்கொண்டு நின்றிருப்பான். ஆமத்தூர் வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வந்துகொண்டுதான் இருந்தான், தாயி.